பாம்புக்கடிக்கு 40 லட்சம்: இயந்திரமா, ஆய்வகமா, ஊருக்குள் ஆளா?

முன்னோருக்குப் படையல் இடும் படைப்புக்குப் போன முறை கூடியபோது பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து 40 லட்சம் ரூபாய் ஒதுக்கினோம். எங்கள் படைப்பு வீட்டைப் பதினெட்டு வருஷம் காவல் காத்தவர் கண்ணாடி விரியன் கடித்து இறந்துபோனார். அவர் நினைவாகப் பாம்புக்கடிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. என்ன செய்வது என்பதில்தான் பேச்சு முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் இயந்திரம் வாங்கித் தரலாம் என்றார்கள் பெரிய ஆச்சி. புது மருந்து தேடுகிற ஆய்வகத்துக்கே கொடுத்துவிடலாம் என்றான் பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி மகன். காரைக்குடியிலேயே பல்கலைக்கழகம் இருக்கும்போது வெளியே எதற்கு என்றார் அண்ணன். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். "நீ விசாரிச்சு எழுதிக் கொடு, எல்லாரும் படிச்சுட்டு முடிவு பண்ணுவோம்" என்று பொறுப்பை என்னிடம் விட்டார்கள். ஆறு மாதம் அலைந்து விசாரித்ததை இங்கே எழுதுகிறேன். செட்டிநாட்டில் எத்தனையோ ஊர்களில் இப்படி ஊர்ப் பொதுக் காரியத்துக்குச் சேர்க்கும் மகமைப் பணமும் அறக்கட்டளைப் பணமும் கையில் இருக்கிறது. அவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் எந்த வழி நல்லது என்று பேச முடியாது.

கார்த்திகை மாதம். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பின்கட்டில் அடுக்கியிருந்த விறகை இழுக்கும்போது கணுக்காலில் கடித்திருக்கிறது. அப்போது மணி ஏழரை. "பூச்சி கடிச்சிருச்சு" என்று மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் பக்கம் பொழுது சாய்ந்தபின் பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டால் காலை இறுக்கிக் கட்டி, பாடம் போடுகிறவரிடம், அதாவது மந்திரம் சொல்லி விஷம் இறக்குகிறவரிடம், கொண்டுபோனார்கள். அங்கே ஒன்றேகால் மணி நேரம். பிறகு ஒரு தனியார் கிளினிக். மருந்து இருக்கிறது, ஆனால் ஒவ்வாமை வந்தால் சமாளிக்க வசதி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்துப் போன இடத்தில் மருந்தே இல்லை. கடைசியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் முதல் ஊசி ஏறியபோது மணி பன்னிரண்டே கால். எங்கள் ஊரிலிருந்து நேராகப் போயிருந்தால் அந்த ஆஸ்பத்திரிக்கு மோட்டார் சைக்கிளில் 25 நிமிடம்.

நான் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயைச் சுவரோரமாக நிறுத்தி வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு மில்லி இரத்தம். இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். நல்ல இரத்தமாக இருந்தால் உறைந்து அடியிலேயே நிற்கும். அவர் சாய்த்தார். ரோஸ்மில்க் மாதிரி வழிந்து குழாயின் வாய்க்கு வந்துவிட்டது. கண்ணாடி விரியனின் விஷம் செய்கிற வேலை இது. இரத்தத்தில் இருக்கும் உறைய வைக்கும் பொருள்களை எல்லாம் ஒரே நேரத்தில் தூண்டிவிட்டுத் தீர்த்துவிடும். அதன்பிறகு எங்கே கசிந்தாலும் நிற்காது. சிறுநீரகமும் பழுதாகிவிடும். பத்துக் குப்பி மருந்து ஏற்றினார்கள், மறுபடி பத்து. மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது. மதுரைக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்தும் ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

ஏழரையிலிருந்து பன்னிரண்டே கால் வரை நாலே முக்கால் மணி நேரம். ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது இந்தக் கணக்கு என் மனதைவிட்டு அகலவில்லை. எல்லா இடத்திலும் இரண்டு கேள்விதான் கேட்டேன். எங்கள் 40 லட்சம் அங்கே பெரிய பணமா, சின்னப் பணமா? எங்கள் தாலுகாவில் நாளைக்கு ஒருவரைக் கடித்தால், அந்தப் பணத்தின் பலன் அவரிடம் எப்போது வந்து சேரும்?

ஆச்சி சொன்ன இயந்திரத்திலிருந்து தொடங்குகிறேன். எங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் ஒரு டயாலிசிஸ் இயந்திரம் ஏழு லட்சம். ஐந்து வாங்கலாம். ஆனால் இயந்திரத்தை மட்டும் வாங்கி வைத்தால் ஓடாது. நாலு மணி நேரம் ஒருவருக்கு டயாலிசிஸ் செய்ய ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு ஆர்.ஓ. பிளான்ட் இல்லாமல் முடியாது. பயிற்சி பெற்ற டெக்னீஷியன் வேண்டும். இதெல்லாம் ஏற்கனவே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இன்னொரு இயந்திரம் கொடுத்தால் நிச்சயம் பயன்படும். விரியன் கடித்துச் சிறுநீரகம் நின்றவர்களில் பலருக்குச் சில வாரம் டயாலிசிஸ் செய்தால் சிறுநீரகம் திரும்பிவிடுகிறது. அதனால் இது உயிர் காக்கும் தானம்தான். அடுத்த மாதமே பலன் தெரியும். பிரச்சினை என்னவென்றால், இது நாலே முக்கால் மணி நேரம் வீணான பிறகு வருகிற உதவி. நேரத்தை அது குறைக்காது. அப்புறம், சர்க்கரை நோயால் சிறுநீரகம் போனவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். இயந்திரம் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் ஓடும். அதில் தவறே இல்லை, ஆனால் பாம்புக்கடிக்கென்று ஒதுக்கிய பணம் என்று சொல்ல முடியாது.

நிரந்தர வைப்பு நிதி என்று ஒரு யோசனையும் வந்தது. பல்கலைக்கழகத்தில் 40 லட்சத்தை டெபாசிட் போட்டு வட்டியில் பதக்கமோ ஆராய்ச்சி உதவித்தொகையோ கொடுப்பது. 7 சதவீதம் வட்டி என்றால் வருஷத்துக்கு 2.8 லட்சம். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2023-லிருந்து முனைவர் பட்ட மாணவருக்கு நிர்ணயித்த தொகை முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000. வருஷத்துக்கு 4.44 லட்சம். ஒரே ஒரு மாணவருக்குக்கூட வட்டி பற்றாது. பதக்கம் கொடுக்கலாம், கல்வெட்டில் பெயர் இருக்கும். பாம்பு கடித்தவருக்கு ஒன்றும் வராது. இதை நான் அதிகம் விசாரிக்கவில்லை.

தம்பி மகன் சொன்னதைத்தான் நிறைய நாள் படித்தேன். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இன்றைக்கு நாம் போடுகிற விஷமுறிவு மருந்து 1890-களில் ஆல்பர் கால்மெத் முதலானவர்கள் கண்ட அதே அடிப்படையில்தான் தயாராகிறது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து. அதற்கான விஷத்தில் பெரும் பங்கு நம் தமிழ்நாட்டில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ஒரே இனப் பாம்பாக இருந்தாலும் ஊருக்கு ஊர் விஷத்தின் சேர்மானம் மாறும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வடக்கே சில பாம்புகளின் விஷத்துக்கு இந்த மருந்து சரியாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. இப்படிப்பட்ட உண்மையை மருந்துக் கம்பெனி தானாகத் தேடிப் போகாது. அதைத் தேடப் பல்கலைக்கழகம் வேண்டும்.

அதே ஆய்வகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் சேர்ந்து 2024 பிப்ரவரியில் இன்னொன்றை வெளியிட்டன. குதிரையே வேண்டாம், ஆய்வகத்திலேயே தயாரித்த ஒரு ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) பலவகைப் பாம்புகளின் நரம்பு விஷத்தை எலிகளில் தடுக்கிறது என்பது அதன் சாரம். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வகுப்பில் முப்பது வருஷம் குதிரைக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஆனால் அது நாகம், கட்டுவிரியன் மாதிரிப் பாம்புகளின் விஷத்தில் இருக்கும் ஒரு வகை நச்சுக்கு மட்டும்தான். எங்கள் காவல்காரரைக் கடித்தது கண்ணாடி விரியன். அதற்கு வேறு ஆன்டிபாடிகள் தேட வேண்டும், எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும், மனிதர்களில் சோதிக்க வேண்டும்.

அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு அளவுகோல் உண்டு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வராமல் தடுக்கும் ரோட்டாவாக் தடுப்பு மருந்து. 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில், வைரஸ் தொற்றியும் நோய் காட்டாத பச்சிளங்குழந்தைகளிடம் எம்.கே. பான் குழுவினர் ஒரு வைரஸ் வகையைக் கண்டார்கள். அதிலிருந்து மருந்து செய்து, டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் சோதித்து, முடிவு வந்தது 2014-இல். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது 2016-இல். முப்பது வருஷம், எத்தனையோ பல்கலைக்கழகங்கள், அரசுத் துறை, ஒரு கம்பெனி, வெளிநாட்டு நிதி. பலன் மிகப் பெரியது, சந்தேகமே இல்லை. பெரிய நோய்களைப் பல்கலைக்கழகங்கள் இப்படித்தான் வெல்கின்றன, நீண்ட காலம், பல கைகள் மாறி மாறி. ஆனால் அந்த வரிசையில் எங்கள் 40 லட்சம் எங்கே நிற்கும்? 2019-இல் லண்டனின் வெல்கம் அறக்கட்டளை பாம்புக்கடி ஆராய்ச்சிக்கு மட்டும் 8 கோடி பவுண்டு அறிவித்தது. அந்த அளவுப் பணம் புழங்கும் இடத்தில் எங்கள் பணம் சில மாத ரசாயனச் செலவு. தம்பி மகனிடம் இதைச் சொன்னேன். "பெரியப்பா, சொட்டுச் சொட்டாச் சேர்ந்தாதானே கடல்" என்றான். சரிதான். ஆனால் எங்கள் ஊருணியே வறண்டு கிடக்கிறதே, முதல் சொட்டு அதில் விழட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இப்போது அண்ணன் சொன்ன காரைக்குடி. இந்த வழிக்குப் பின்னால் எங்கள் மண்ணின் பெருமை இருக்கிறது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் பெயரில் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வந்தது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அழகப்பர் 1947-இல் தொடங்கிய கல்லூரி வளர்ந்த வளாகத்தில் 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. மற்ற ஊர்களிலும் கொடையாளர்கள் இருந்தார்கள். ஆனால் வெறும் பொட்டலில், பெரிய தொழிற்சாலை எதுவும் இல்லாத ஊரில், அறிவியல் ஆய்வகம் வரட்டும் என்று அன்றைக்கு 15 லட்சத்தைத் தூக்கிக் கொடுக்க ஒரு தனி மனசு வேண்டும். அந்த வழியில் போக அண்ணனுக்கு ஆசை இருப்பது இயல்பு.

காரைக்குடியில் என்ன ஆராய்ச்சி செய்யலாம்? சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரின் பட்டையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு சொட்டு இரத்தம் வைத்தால் அதில் ஓடும் சிறு மின்னோட்டத்தை அளந்து எண் காட்டுகிறது. அது மின்வேதியியல்தான். அதே மாதிரி, உடம்பில் விஷம் ஏறியிருக்கிறதா என்று ஒரு சொட்டு இரத்தத்தில் சொல்லும் பட்டை வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பாம்பு கடித்தும் விஷம் இறக்காத கடிகள் உண்டு. ஊசி போடலாமா வேண்டாமா என்று டாக்டர்கள் தவிக்கும் நேரம் அப்போது மிச்சமாகும். பல்கலைக்கழகத்து உயிரித் தொழில்நுட்ப மாணவர் ஒருவர், மின்வேதியியல் ஆய்வகத்தின் துணையோடு செய்யக்கூடிய வேலை இது.

செலவுக்கும் பொருந்துகிறது. யு.ஜி.சி. அளவில் கொடுத்தால் முதல் இரண்டு வருஷம் 8.88 லட்சம், அடுத்த மூன்று வருஷம் மாதம் 42,000 வீதம் 15.12 லட்சம், ஆக ஐந்து வருஷத்துக்கு 24 லட்சம். மிச்சம் 16 லட்சம் ஆய்வகச் செலவுக்கு. இங்கே எங்கள் பணம் பெரிய பணம், ஒரு ஆராய்ச்சியாளரின் முழுப் படிப்பும் அதில் அடங்கும். தயக்கம் வேறு இடத்தில். பாம்பிடமிருந்து விஷம் எடுக்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். ஐந்து வருஷ முடிவில் கையில் இருப்பது ஆய்வேடும் ஒரு மாதிரிக் கருவியும். அதைப் பொருளாக்கிச் சோதித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர இன்னொரு பத்து வருஷம், இன்னொருவர் பணம். அப்புறம், நம் மருந்து நாலு பாம்புக்கும் பொது என்பதால், எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். காவல்காரர் விஷயத்தில் விஷம் ஏறியதைச் சொல்லக் கண்ணாடிக் குழாயே போதுமாக இருந்தது. அந்தக் குழாய் இருந்த இடத்துக்கு அவர் போய்ச் சேரத்தான் நாலே முக்கால் மணி நேரம் ஆனது.

இங்கே ஒரு பக்கத்து நாட்டு உதாரணம் என் எண்ணத்தைத் திருப்பியது. விஷமுறிவு மருந்து போட டாக்டர்கள் பயப்படுவது ஏன்? குதிரைப் புரதம் என்பதால் சிலருக்கு ஒவ்வாமை பொங்கி உயிருக்கே ஆபத்தாகும். எங்கள் காவல்காரரை அந்தக் கிளினிக் அனுப்பிவிட்டது இதனால்தான். இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் ஒரு கேள்வி கேட்டார்கள். மருந்துக்கு முன்னால் தோலுக்கடியில் சிறு அளவு அட்ரினலின் போட்டால் ஒவ்வாமை குறையுமா? 1,007 நோயாளிகள். 2011-இல் முடிவு வெளியானது. முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. வழக்கமாகப் போட்டுவந்த மற்ற இரண்டு ஊசிகளால் பலன் இல்லை என்றும் தெரிந்தது. அட்ரினலின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கிற மலிவான மருந்து. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருப்பதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒழுங்காகக் கேட்டுப் பதில் பெற்றார்கள். இதுவும் பல்கலைக்கழக ஆராய்ச்சிதான்.

இதைவிடவும் எங்கள் கதைக்கு நெருங்கியது நேபாளம். தாரனில் உள்ள பி.பி. கொய்ராலா சுகாதார அறிவியல் நிறுவனத்தினர், தென்கிழக்கு நேபாளக் கிராமங்களில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஆட்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்தார்கள். பாம்பு கடித்தால் யாரைக் கூப்பிடுவது, எங்கே நேராகப் போவது என்று ஊர் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கடிபட்டவர்களில் இறந்தவர்கள் முன்பு 10.5 சதவீதம், பிறகு 0.5 சதவீதம். ஆய்வு 2013-இல் வெளியானது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 25 நிமிடம், 25 நிமிடம் என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வண்டி நிற்கிறது.

சரி, அதை அப்படியே இங்கே செய்துவிட்டால் என்ன, ஆராய்ச்சி எதற்கு என்று ஆச்சி கேட்டார்கள். நல்ல கேள்வி. அங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் நரம்பைப் பிடிக்கிற விஷம், மூச்சு நின்றுவிடும். இங்கே கண்ணாடி விரியன், இரத்தமும் சிறுநீரகமும். அங்கே வேலை செய்தது இங்கே எவ்வளவு வேலை செய்யும் என்பதை அளந்தால்தான் தெரியும். எங்கள் பக்கம் நேரம் எங்கே போகிறது? பாடம் போடுகிறவரிடமா, மருந்தில்லாத இடத்திலா, இருந்தும் போடாத இடத்திலா, 108-க்குக் காத்திருப்பதிலா? ஒரு காவல்காரரின் கதையை வைத்துத் திட்டம் போட முடியாது. கணக்கு வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்துவிட்டது. அதனால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு இனி கிடைக்கும். வராமலே போனவர்களின் கணக்கு வராது.

அதை எப்படி எடுப்பது என்பதற்கும் ஒரு பல்கலைக்கழகம் வழி காட்டியிருக்கிறது. டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரபாத் ஜா குழுவினர் இந்தியப் பதிவாளர் அலுவலகத்தோடு சேர்ந்து நடத்திய பத்து லட்சம் மரணங்கள் ஆய்வில், பயிற்சி பெற்ற ஆட்கள் சாவு நடந்த வீட்டுக்கே போய், என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். அந்த எழுத்தை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் சொன்னார்கள். அப்படித்தான் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், பாம்பு கடித்து இறந்தார்கள் என்று தெரிய வந்தது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருந்தது அதில் சிறு பங்குதான். நோட்டும் பேனாவுமாக வாசலில் வந்து உட்கார்ந்த ஆள் கண்டுபிடித்த உண்மை அது.

சென்னைக்கும் இதில் பழைய பெருமை உண்டு. 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் மையம், சானடோரியத்தில் படுக்க வைத்துப் பார்ப்பதும் நெரிசலான வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிடுவதும் ஒன்றா என்று கேட்டது. வீட்டிலேயே குணமாகிறது என்று 1959-இல் காட்டியது. உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவத்தின் போக்கே மாறியது. அங்கே புது மருந்து இல்லை. சரியான இடத்தில் கேட்ட கேள்விதான்.

அதனால் நான் சொல்லும் வழி இது. பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் சமூக மருத்துவத் துறையும் காரைக்குடிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஐந்து வருஷம் ஒரு முனைவர் பட்ட மாணவரை இதற்கென்றே வைக்கட்டும். 24 லட்சம். ஊருக்குள் போய்வர உள்ளூர்ப் பெண் ஒருவர், மாதம் 20,000 சம்பளத்தில் மூன்று வருஷம், 7.2 லட்சம். மிச்சம் 8.8 லட்சம். முதல் வருஷம் எதையும் மாற்றாமல் கணக்கு மட்டும் எடுக்க வேண்டும். கடித்த நேரம், முதலில் போன இடம், முதல் குப்பி ஏறிய நேரம். இரண்டாம் வருஷத்திலிருந்து பாதிக் கிராமங்களில் மோட்டார் சைக்கிள் ஆட்கள், சுகாதார நிலையங்களில் கண்ணாடிக் குழாய்ப் பரிசோதனைக்கும் அட்ரினலினுக்கும் பயிற்சி. மறு பாதியில் ஒரு வருஷம் கழித்து. அப்போதுதான் பலன் இதனால் வந்ததா என்று தெரியும். குழாய் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். அது கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலும், சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும், நல்ல இரத்தம்கூட உறையாமல் ஏமாற்றும். புதுக் குழாய்ப் பெட்டி எந்தச் சுகாதார நிலையத்தின் அலமாரியில் இருக்கிறது, எதில் இல்லை என்பதே யாராவது போய்ப் பார்க்க வேண்டிய விஷயம்.

பலன் கிடைக்கும் காலத்தைப் பார்த்தால் இது இயந்திரத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டாம் வருஷமே முதல் ஆளுக்கு உதவும். முடிவு நன்றாக வந்தால் மாவட்டமே எடுத்துக்கொள்ளலாம். மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட செயல்திட்டம் 2030-க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது. எப்படிக் குறைப்பது என்று கேட்கிற மாவட்டத்துக்குக் கையில் கொடுக்க ஒரு கணக்கு இருக்கும். குறையும் இருக்கிறது. மூன்று வருஷத்தில் இரண்டு தாலுகாவில் கடி எண்ணிக்கை போதாமல், சாவு குறைந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். அதனால் சாவை எண்ணாமல் நேரத்தை அளக்கச் சொல்கிறேன். நாலே முக்கால் மணி நேரம் ஒன்றரை மணி நேரமானால் அது சில பத்துப் பேரிலேயே தெரிந்துவிடும்.

பணம் கொடுக்கும் முறையைப் பற்றி இரண்டு வார்த்தை. மொத்தமாகக் கொடுக்கக் கூடாது, வருஷா வருஷம் தவணையாக. ஆனால் மாணவரின் உதவித்தொகையை மட்டும் ஐந்து வருஷத்துக்கும் முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். மூன்றாம் வருஷம் பணம் நின்று, ஆய்வேட்டைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும், என் மாணவர்களே இருக்கிறார்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு வீட்டுப் படி ஏறக் கூடாது. முடிவு ஆங்கிலத்தில் எங்கே வெளியானாலும் சரி, தமிழில் அச்சடித்து ஒவ்வொரு ஊரிலும் கோயில் வாசலில் படிக்க வேண்டும். பாடம் போடுகிறவர்களையும் கூப்பிட வேண்டும். அவர்களைத் திட்டி ஒன்றும் ஆகாது. "நீங்க பாடம் போடுங்க, ஆனா வண்டியில உட்கார்ந்து போடுங்க" என்று கேட்டால் ஒப்புக்கொள்வார்கள் என்று ஊரில் பேசிப் பார்த்ததில் தெரிகிறது.

ஒரு வேளை உங்கள் ஊர் அறக்கட்டளையில் எங்களைவிடப் பத்து மடங்கு பணம் இருந்தால், காரைக்குடியில் அந்தப் பட்டைக் கருவிக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். பணம் எட்டு லட்சத்துக்குள் என்றால், ஆர்.ஓ. பிளான்ட் ஏற்கனவே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஒரு டயாலிசிஸ் இயந்திரம் நல்லது.

எழுதி முடித்ததும் காவல்காரரின் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவர் பெயரில் நடக்கப் போகிறது, அந்த அம்மாவுக்குத் தெரியாமல் முடிவு எடுக்கக் கூடாது அல்லவா. முழுதும் கேட்டார். "வாத்தியாரய்யா, இத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம், கடிச்ச நேரம் என்னன்னு கடைசி ஆஸ்பத்திரியிலதான் கேட்டாக. நான் அழுதுக்கிட்டு இருந்தேன், தெரியலன்னுட்டேன். ஏழரைதான். டிவியில செய்தி போட்டுட்டு இருந்தாக" என்றார். முதல் வருஷக் கணக்கில் முதல் வீடாக அந்த வீட்டை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மிச்சமிருக்கும் 8.8 லட்சத்தில்தான் இன்னும் இழுபறி. பயணத்துக்கும் குழாய்க்கும் பயிற்சிக்கும் நாலு லட்சம் போதும், மீதியை டயாலிசிஸ் வார்டுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் ஆச்சி. மோட்டார் சைக்கிள் ஆட்களுக்குப் பெட்ரோல் பணமும் காப்பீடும் வேண்டும், ராத்திரி ஓட்டுகிறவன் விழுந்தால் யார் பொறுப்பு என்கிறான் தம்பி மகன். நான் இந்த விஷயத்தில் அவன் பக்கம். ஆவணியில் பங்காளிகள் கூடும்போது பேசி முடித்துக் கல்லூரிக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் முதல் நோட்டுப் புத்தகம் திறந்தாக வேண்டும்.